இணைவேகம்

நுழையும்முன்

ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் ஒரே நடையில் நடந்தால்தான் வண்டி நேராகச் செல்லும். இரண்டு எந்திரங்கள் பொருத்தப்பட்ட விசைப்படகுக்கும் இதே விதி பொருந்தும். அவ்விரு எந்திரங்களும் ஒரே வேகத்தில் சுழல்கின்றனவா என்பதைப் படகோட்டி எவ்வாறு அறிகிறார்? அறிந்தபின் எவ்வாறு சரிசெய்கிறார்? இயற்பியல் பாடத்தில் பயிலும் 'விம்மல்' என்னும் நிகழ்வு, கடலில் உயிர்காக்கும் குறிப்பாக மாறும் விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

வயற்காட்டு ஓசை

மதுரை மாநகரின் வடபகுதியில் உள்ளது ஆனையூர். தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கண்மாய்ப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் நிறைந்திருந்த இச்சமவெளியில் டீசல் எந்திரங்களின் 'படபட' ஓசை ஒரு காலத்தில் நாள்தோறும் கேட்ட ஒன்று. அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் இரண்டு எந்திரங்கள் ஓடும்போது அவ்வோசையில் ஒரு விந்தையைக் கேட்கலாம். சிறிது நேரம் இரண்டும் சேர்ந்து ஒரே எந்திரம்போல ஓங்கி ஒலிக்கும், பின்னர் மெல்லப் பிரிந்து, ஒன்றின் அடிக்கு இடையில் மற்றொன்றின் அடி விழும், மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

காரணம் எளியது. ஒற்றை உருளை கொண்ட நான்கடிப்பு டீசல் எந்திரத்தில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் எந்திரம் 750 முறை ஒலியெழுப்பும். 1480 முறை சுழலும் எந்திரம் 740 முறை ஒலியெழுப்பும். வேறுபாடு நிமிடத்திற்குப் பத்து. ஆகவே ஆறு நொடிக்கு ஒருமுறை அவ்விரு ஓசைகளும் ஒன்றுகூடிப் பிரிகின்றன. சுழற்சியை எண்ணும் கருவி ஏதுமின்றி, வரப்பில் நிற்கும் உழவர் இரண்டு எந்திரங்களுக்கும் இடையிலுள்ள வேக வேறுபாட்டைச் செவியாலேயே உணர்ந்துவிட முடியும்.

கிணற்றடியில் இவ்வேறுபாட்டால் தீங்கு ஏதுமில்லை. ஒவ்வோர் எந்திரமும் தனித்தனிக் கிணற்றில் நீர் இறைக்கிறது. ஆனால், அவ்விரு எந்திரங்களும் ஒரே படகை உந்தும்போது நிலைமை வேறு.

இரண்டு எந்திரங்கள் எதற்கு?

நாவாய், வங்கம், கலம், தோணி, திமில், அம்பி எனப் பலவகைக் கலங்களுக்குப் பெயரிட்ட தமிழர் துடுப்பாலும் பாயாலும் கடலை வென்றனர். இன்றைய விசைப்படகை இயக்குவது, நீருக்குள் சுழலும் உந்துசுழலி. மீன்பிடிப் படகுகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஓர் எந்திரமே போதும். காவற்பணி, மீட்புப்பணி, பயணியர் போக்குவரத்து ஆகியவற்றுக்கான விரைவுப் படகுகளில் இரண்டு எந்திரங்கள் பொருத்தப்படுவது வழக்கம்.

அதற்குப் பயன்கள் மூன்று. முதலாவது பாதுகாப்பு. நடுக்கடலில் ஓர் எந்திரம் நின்றாலும் மற்றொன்றால் கரை சேரலாம். ஆனால், இரண்டுக்கும் ஒரே கலனிலிருந்து எரிபொருள் சென்று, அக்கலனில் நீரோ கசடோ கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். அதனால்தான் எரிபொருள் கலனையும் வடிகட்டியையும் தனித்தனியே அமைக்கின்றனர்.

இரண்டாவது திருப்பும் திறன். ஓர் எந்திரத்தை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் இயக்கினால், படகு நின்ற இடத்திலேயே திரும்பும். களத்தில் பிணையல் மாடுகள் சுற்றிவரும்போது உள்மாடு மெல்ல அடிவைக்க, வெளிமாடு விரைந்து நடப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மூன்றாவது திருகுவிசையின் சமநிலை. ஒற்றைச் சுழலி, தான் சுழலும் திசைக்கேற்பப் படகின் பின்புறத்தை ஒரு பக்கமாக இழுக்கும். இரட்டைச் சுழலிகளை எதிரெதிர்த் திசைகளில் சுழலவிட்டால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடுசெய்துவிடும்.

நுகத்தில் பூட்டிய மாடுகளை இடத்தை மாடு, வலத்தை மாடு என உழவர் பிரித்தழைப்பர். இரட்டை எந்திரப் படகிலும் இட எந்திரம், வல எந்திரம் என்ற பிரிவு உண்டு. இரண்டையும் ஒரே சுழற்சி வேகத்தில் வைத்திருப்பதே 'இணைவேகம்' எனப்படுகிறது.

தெரியுமா?

'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்று, இன்று உலகெங்கும் இரட்டை உடற்பகுதி கொண்ட கலங்களைக் குறிக்கிறது. தமிழகக் கடற்கரையின் கட்டுமரமோ மரத்துண்டுகளை நெருக்கமாகப் பிணைத்துக் கட்டிய மிதவை. அதற்கு இரட்டை உடல் இல்லை. சொல் பயணம் செய்தபோது பொருளும் மாறியது. எந்திரம் பூட்டிய இரட்டை உடற்கலங்களில் ஒவ்வோர் உடலிலும் ஓர் எந்திரம் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி மிகுதி என்பதால், விசையில் சிறு வேறுபாடு தோன்றினாலும் கலத்தின் மூக்கு திரும்பிவிடும்.

வேகம் மாறுபட்டால்

இரண்டு எந்திரங்களுள் ஒன்று சற்று மெதுவாகச் சுழன்றால் என்ன நேரும்? 'நூற்றுக்கு ஐந்து குறைந்தால் உந்துவிசையும் நூற்றுக்கு ஐந்துதானே குறையும்' என்று தோன்றலாம். உண்மை அவ்வாறில்லை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

உந்துசுழலி ஒருமுறை சுழன்றால், திருகாணி மரத்தில் இறங்குவதுபோல, அரை மீட்டர் முன்னேறும் எனக் கொள்வோம். பல்சக்கரங்களின் வழியே எந்திரத்தின் வேகம் பாதியாகக் குறைந்து சுழலியை அடைகிறது. எந்திரம் நிமிடத்திற்கு 2000 முறை சுழன்றால் சுழலி 1000 முறை சுழலும். அது நிமிடத்தில் 500 மீட்டர் முன்னேற வேண்டும். ஆனால் நீர், மரத்தைப்போல உறுதியானதன்று. சுழலி நீரைப் பின்னுக்குத் தள்ளுவதால் படகு 400 மீட்டரே முன்னேறுகிறது. எஞ்சிய 100 மீட்டரை 'நழுவல்' என்பர். சுழலிக்கு உந்துவிசை கிடைப்பது இந்த நழுவலால்தான். நழுவலே இல்லையெனில் நீர் பின்னோக்கித் தள்ளப்படாது; உந்துவிசையும் தோன்றாது.

இப்போது மற்றோர் எந்திரம் 1900 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். அதன் சுழலி 950 முறை சுழன்று 475 மீட்டர் முன்னேற வேண்டும். இரண்டு சுழலிகளும் ஒரே படகில் இருப்பதால் இதுவும் 400 மீட்டரே நகர்கிறது. இதன் நழுவல் 75 மீட்டர். சுழற்சி வேகம் நூற்றுக்கு ஐந்து குறைந்தபோது, நழுவல் நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்துவிட்டது. உந்துவிசையும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். குறைந்த பங்கையும் சேர்த்துச் சுமப்பது, விரைந்து சுழலும் எந்திரமே.

நுகத்தில் ஒரு மாடு அரையடி பின்தங்கினால், முன்செல்லும் மாட்டின் கழுத்துதான் புண்ணாகும். படகிலும் இதுவே நிகழ்கிறது. விரையும் எந்திரம் கூடுதல் சுமையால் வெப்பமடைந்து, மிகுதியான எரிபொருளைச் செலவிட்டு, விரைவில் தேய்கிறது. விசை மிகுந்த பக்கத்திலிருந்து படகின் மூக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்ப முயலும். அதைத் தடுக்கச் சுக்கானை எப்போதும் சற்றுச் சாய்த்தே பிடிக்க வேண்டும். சாய்ந்த சுக்கான் நீரோட்டத்துக்குத் தடையாகிப் படகின் வேகத்தைக் குறைக்கும்.

மற்றொரு தீங்கு அதிர்வு. இரண்டு எந்திரங்களின் அதிர்வுகள் ஒன்றுகூடும்போது படகின் உடல் நடுங்குகிறது. விலகும்போது நடுக்கம் அடங்குகிறது. மணிக்கணக்கில் இவ்வாறு ஏறியிறங்கும் அதிர்வு மரையாணிகளைத் தளர்த்தும். குழாய் இணைப்புகளில் கசிவை உண்டாக்கும். அவ்வோசையைக் கேட்டுக்கொண்டே பணிபுரிவோர் விரைவில் சோர்வடைவர். சோர்ந்த கண்கள் அலைக்கிடையே மிதக்கும் சிறு வள்ளத்தைக் காணத் தவறக்கூடும்.

விம்மல் என்னும் அளவுகோல்

அதிர்வெண்ணில் சிறிதளவே வேறுபட்ட இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் எழும்போது, கேட்கும் ஒலி சீரான இடைவெளியில் ஓங்கியும் தாழ்ந்தும் ஒலிக்கும். இதனையே இயற்பியல் 'விம்மல்' என்கிறது. ஒரு நொடியில் தோன்றும் விம்மல்களின் எண்ணிக்கை, அவ்விரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். தம்புராவின் நரம்புகளைச் சுருதி சேர்க்கும் இசைக்கலைஞர் கேட்பதும் இதனையே. இரு நரம்புகளும் ஒத்த சுருதிக்கு நெருங்க நெருங்க அலைவு மெதுவாகி, முடிவில் மறைந்துவிடும்.

ஆறு உருளைகள் கொண்ட நான்கடிப்பு எந்திரத்தில் ஒரு சுழற்சிக்கு மூன்று முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்திற்கு 2000 சுழற்சி எனில் நொடிக்கு 100 வெடிப்புகள். மற்றோர் எந்திரம் 2030 முறை சுழன்றால் நொடிக்கு 101.5 வெடிப்புகள். வேறுபாடு 1.5, அதாவது இரண்டு நொடிக்கு மூன்று விம்மல்கள். சுழற்சி வேறுபாடு பத்தாகக் குறைந்தால் இரண்டு நொடிக்கு ஒரு விம்மல். வேறுபாடு வெறும் இரண்டே சுழற்சி எனில் பத்து நொடிக்கு ஒரு விம்மல்.

இக்கணக்கிலிருந்து ஒரு வியப்பான உண்மை புலனாகிறது. நிமிடத்திற்கு 2000 சுழற்சியில் இரண்டு சுழற்சி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. படகின் முகப்பிலுள்ள சுழற்சிமானியில் ஐம்பதுக்கு ஒன்றோ நூறுக்கு ஒன்றோதான் கோடுகள் இருக்கும். அதன் முள்ளைப் பார்த்து இரண்டு சுழற்சி வேறுபாட்டை எவராலும் கண்டறிய இயலாது. பழகிய செவியோ பத்து நொடிக்கு ஒருமுறை வரும் ஏற்றத்தாழ்வைப் பிடித்துவிடும்.

மேலும், முள்காட்டும் கருவிகள் எப்போதும் துல்லியமானவை அல்ல. ஒவ்வொரு சுழற்சிமானியிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை இருப்பதாகக் கொள்வோம். 2000 சுழற்சியில் இது 40 ஆகும். ஒன்று கூட்டியும் மற்றொன்று குறைத்தும் காட்டினால், இரண்டு முட்களும் 2000 என்ற கோட்டில் நிற்கும்போதே உண்மை வேறுபாடு 80 சுழற்சியாக இருக்கலாம். முட்கள் ஒத்திருப்பதைக் கண்டு மனநிறைவு அடையும் படகோட்டி ஏமாந்துபோவார். விம்மலில் இப்பிழைக்கு இடமில்லை. அது இரண்டு எந்திரங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுகிறது.

செவிவழிச் சீரமைப்பு

இணைவேகத்தைச் செவியால் சரிசெய்யும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு.

முதலில் படகு நேர்கோட்டில், சீரான வேகத்தில் செல்ல வேண்டும். திரும்பும்போது உட்புறச் சுழலிக்கும் வெளிப்புறச் சுழலிக்கும் சுமை வேறுபடும் என்பதால் அப்போது சரிசெய்வதில் பயனில்லை. வேகம் கூடிக்கொண்டிருக்கும்போதும் அவ்வாறே.

அடுத்து, ஏதேனும் ஓர் எந்திரத்தை வழிகாட்டியாகக் கொண்டு, அதனை வேண்டிய வேகத்தில் நிறுத்திவிட வேண்டும். அதன்பின் அதன் முடுக்குக் கோலைத் தொடலாகாது. மற்றோர் எந்திரத்தையே மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். இரண்டையும் மாறி மாறித் தொட்டால் எதனால் எது மாறியது என்பது விளங்காமல் போய்விடும்.

மூன்றாவது படியில்தான் நுட்பம் இருக்கிறது. வேறுபாடு எவ்வளவு என்பதை விம்மல் தெரிவிக்கும். எது வேகமானது என்பதைத் தெரிவிக்காது. 2030க்கும் 2000க்கும் இடையில் எத்தனை விம்மல்களோ, 1970க்கும் 2000க்கும் இடையிலும் அத்தனையே. ஆகவே படகோட்டி ஒரு சோதனை செய்கிறார். கோலை ஓர் இழையளவு முன்னே தள்ளுகிறார். விம்மல் விரைவுபட்டால் திசை தவறு. கோலைப் பின்னே இழுக்க வேண்டும். விம்மல் தளர்ந்தால் திசை சரி. அப்படியே தொடர வேண்டும். விம்மலின் இடைவெளி ஒரு நொடி, மூன்று நொடி, பத்து நொடி என நீண்டு, முடிவில் இரு ஓசைகளும் ஒரே ஓசையாக நிலைக்கும்.

கோலை மாற்றியதும் எந்திரம் உடனே புதிய வேகத்தை அடைந்துவிடாது. சில நொடிகள் பொறுத்திருந்து கேட்டபின்னரே அடுத்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். பொறுமையின்றித் தள்ளுபவர் சரியான இடத்தைத் தாண்டிச் சென்று, மீண்டும் திரும்பி வந்து, அலைந்துகொண்டே இருப்பார்.

விம்மல் திடீரெனத் தோன்றினால்

முடுக்குக் கோல்கள் இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் எந்திரங்களும் ஒரே வேகத்தில் ஓட வேண்டாவா? கோலிலிருந்து எந்திரத்துக்குச் செல்லும் கம்பிவடம் நாளடைவில் நீளும். இரண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை. ஒரு சுழலியில் மட்டும் கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொள்ளலாம். ஓர் இதழ் பாறையில் பட்டு வளைந்திருக்கலாம். ஒரு பக்கத்து எரிபொருள் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எனவே, ஒவ்வொரு பயணத்திலும் இணைவேகத்தைப் புதிதாக அமைக்க வேண்டியுள்ளது.

இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. இணைவேகம் அமைத்து, கோல்களைத் தொடாமல் நேராகச் செல்லும் படகில் விம்மல் திடீரெனத் தோன்றினால், ஏதோ ஓர் எந்திரத்துக்குக் கேடு நேரத் தொடங்கியுள்ளது என்பது பொருள். அறுந்து மிதக்கும் வலையோ கயிறோ சுழலியைச் சுற்றத் தொடங்கியிருக்கலாம். அந்நிலையில் எந்திரத்தை உடனே விடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் கயிறு தண்டில் இறுகி, நீர்த்தடுப்பைச் சிதைத்து, கடல்நீரைப் படகுக்குள் விட்டுவிடும். வெப்பமானியின் முள் உயர்வதற்கு நேரமாகும். விம்மலோ சில நொடிகளிலேயே எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையைக் கேட்பவருக்கு ஓர் எந்திரமும் ஒரு தண்டும் மிஞ்சுகின்றன. கேளாதவர் இரண்டையும் கடலில் இழக்க நேரிடலாம்.

பாக் நீரிணையில்

மதுரையிலிருந்து தென்கிழக்கே செல்லும் இருப்புப்பாதை மண்டபத்தை அடைந்து, கடலைக் கடந்து இராமேசுவரம் சேர்கிறது. மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையின் காற்றுமெத்தைக் கலங்கள் நிலைகொண்டுள்ளன. ஆதம் பாலத்தின் மணல் திட்டுகளை ஒட்டிச் சில இடங்களில் கடலின் ஆழம் ஓரிரு மீட்டர்தான். அங்கு நீரில் மூழ்கிய சுழலி கொண்ட கப்பல்கள் செல்ல இயலாது. காற்றுமெத்தைக் கலமோ தனக்கடியில் காற்றைச் செலுத்தி, அதன்மீது மிதந்தபடி நீரையும் மணலையும் ஒருங்கே கடக்கும். இரண்டு டீசல் எந்திரங்களும் பின்புறத்தில் இரண்டு காற்றுச் சுழலிகளும் அதனை இயக்குகின்றன.

இக்கலத்தில் இரு விசைகளின் ஒப்புமை மேலும் இன்றியமையாதது. நீரில் ஓடும் படகின் அடிப்பகுதி நீரைப் பற்றிக்கொண்டிருப்பதால், விசை சற்று மாறினாலும் படகு எளிதில் திரும்பிவிடாது. காற்றின்மேல் மிதக்கும் கலத்துக்கு அத்தகைய பிடிப்பு இல்லை. ஒரு சுழலியின் விசை மிகுந்தால் கலம் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கும். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் வீசும் காலங்களில், காற்றின் தள்ளுதலையும் இரு விசைகளின் வேறுபாட்டையும் சேர்த்துக் கணித்தே அதனைச் செலுத்துகின்றனர்.

அருகிலுள்ள பாம்பனிலும் இணைவேகத்தின் தேவையைக் காணலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து உயரும். அவற்றைத் தொழிலாளர்கள் கையால் இயக்கினர். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, கிடைமட்டமாக 17 மீட்டர் வரை செங்குத்தாக உயர்கிறது. இத்தகைய பாலங்களில் தூக்குபகுதியின் இரு முனைகளும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். ஒரு முனை முந்தினால் பகுதி சாய்ந்து, கோபுரங்களின் வழிகாட்டுத் தடங்களில் இறுகி நின்றுவிடும்.

தாமே ஒத்துப்போகுமா?

டச்சு அறிவியலாளர் கிறித்தியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். கடலில் கப்பல் இருக்கும் நெட்டாங்கைக் கண்டறியத் துல்லியமான கடிகாரம் வேண்டியிருந்த காலம் அது. 1665ஆம் ஆண்டு உடல்நலமின்றி அறையில் இருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கவிட்ட இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள் எதிரெதிராக, ஆனால் சிறிதும் பிசகாமல் ஒருங்கே ஆடுவதைக் கண்டார். அவற்றைக் கலைத்துவிட்டாலும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மீண்டும் ஒத்து ஆடின. சட்டத்தின் வழியே கடந்த மிகச்சிறு அசைவே இதற்குக் காரணம்.

படகின் எந்திரங்கள் அவ்வாறு தாமாக ஒத்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் வேகக் கட்டுப்படுத்திக்கு அடங்கி ஓடுகிறது. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல்குண்டுக் கட்டுப்படுத்தியின் வழிவந்தது இக்கருவி. வேகம் கூடினால் எரிபொருளைக் குறைக்கும். வேகம் குறைந்தால் கூட்டும். தன் எந்திரத்தைக் கட்டுக்குள் வைக்கும் அதற்கு, அடுத்த எந்திரத்தின் நிலை தெரியாது. இரண்டையும் ஒப்பிட மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் படகோட்டியின் செவியாகவோ, ஒரு கருவியாகவோ இருக்கலாம்.

இன்றைய படகுகளில் மின்னணு இணைவேகக் கருவி உண்டு. இரு எந்திரங்களிலும் உள்ள உணரிகள் ஒவ்வொரு சுழற்சிக்கும் துடிப்புகளை அனுப்பும். கருவி அவற்றை ஒப்பிட்டு, வழிகாட்டி எந்திரத்தின் வேகத்துக்கு மற்றதைக் கொண்டுவரும். அது பின்பற்றுவது பழைய படகோட்டியின் முறையே. எனினும் ஓர் உணரி பழுதானால் கருவி தவறான துடிப்பையே உண்மையென நம்பும். அப்போது அதனைக் கண்டறிய மீண்டும் செவிதான் உதவுகிறது.

தெரிந்து தெளிவோம்

இணைவேகம் மின்னுற்பத்தியிலும் முதன்மையானது. இந்தியாவின் மின்கட்டமைப்பில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று. புதிய மின்னாக்கி ஒன்றைக் கட்டமைப்பில் இணைக்கும்முன் அதன் அதிர்வெண், மின்னழுத்தம், கட்டம் ஆகிய மூன்றும் கட்டமைப்போடு ஒத்திருக்க வேண்டும். முற்காலத்தில் இடையே விளக்குகளை இணைத்துப் பார்த்தனர். விளக்குகள் மெல்ல ஒளிர்ந்து அணைவது, கண்ணால் காணும் விம்மல். விளக்குகள் முற்றிலும் அணைந்திருக்கும் கணத்தில் இணைப்புக் கொடுப்பது ஒருமுறை. தென்மண்டல மின்கட்டமைப்பு, நாட்டின் பிற மண்டலங்களோடு 2013ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடம் வழியாக இணைவேகத்தில் இணைக்கப்பட்டது. அன்றுமுதல் தமிழ்நாட்டின் மின்னாக்கிகளும் வடநாட்டின் மின்னாக்கிகளும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கிவருகின்றன.

கேட்கப் பழகுதல்

கருவிகள் பெருகியுள்ள இக்காலத்தில் ஓசையைக் கேட்டு எந்திரத்தை அறியும் பழக்கம் குறைந்துவருகிறது. வண்டியின் அச்சு முனகுவதைக் கேட்டு மசகிட்ட வண்டியோட்டியும், தறியின் ஓசை மாறியதும் இழை அறுந்ததை உணர்ந்த நெசவாளரும், பம்புசெட்டின் ஒலி மாறியதும் கிணற்றில் நீர் வற்றியதை அறிந்த உழவரும் ஒரே கல்வியைப் பயின்றவர்கள். பாடநூலில் ஒரு சமன்பாடாக நிற்கும் விம்மல், அவர்களுடைய செவியில் அன்றாட அனுபவமாக இருந்தது. காரணத்தை அறிந்த மாணவர் அவ்வோசையைக் கேட்கவும் பழகினால், கடற்கரையிலோ தொழிற்கூடத்திலோ மின்நிலையத்திலோ பணியாற்றும் நாளில் அப்பழக்கம் அவருக்குக் கைகொடுக்கும். அதற்குக் கடல் வரை செல்ல வேண்டியதில்லை. அருகருகே ஓடும் இரண்டு மோட்டார்களின் பக்கத்தில் சற்றுநேரம் அமைதியாக நின்று கேட்பதே போதும்.

கலைச்சொல் விளக்கம்

இணைவேகம் – இரண்டு எந்திரங்கள் ஒரே சுழற்சி வேகத்தில் இயங்கும் நிலை
உந்துசுழலி – சுழன்று கலத்தை முன்செலுத்தும் இதழ்களைக் கொண்ட உறுப்பு
நழுவல் – சுழலி முன்னேற வேண்டிய தொலைவுக்கும் கலம் முன்னேறிய தொலைவுக்கும் உள்ள வேறுபாடு
விம்மல் – சிறிதளவு வேறுபட்ட இரு அதிர்வெண்கள் சேரும்போது ஒலி ஓங்கித் தாழ்தல்
சுழற்சிமானி – நிமிடத்திற்கான சுழற்சியின் எண்ணிக்கையைக் காட்டும் கருவி
கொட்டலசு – நீரில் மூழ்கியுள்ள பரப்புகளில் ஒட்டி வாழும் ஓடுடைய சிற்றுயிர்

கற்பவை கற்றபின்...

1. இரண்டு கைப்பேசிகளில் 256, 258 என்னும் அதிர்வெண்களில் ஒலியெழுப்பிக் கேட்க. ஒரு நொடியில் தோன்றும் விம்மல்களை எண்ணி, வேறுபாட்டை 1 ஆகக் குறைத்தபின் நிகழும் மாற்றத்தைப் பதிவு செய்க.
2. உங்கள் பகுதியிலுள்ள உழவர், நெசவாளர், வாகனப் பழுதுநீக்குநர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் ஓசையைக் கொண்டு பழுதை அறியும் முறைகளைத் தொகுத்து எழுதுக.
3. இடத்தை மாடு, வலத்தை மாடு, பிணையல் போன்று உழவுத்தொழிலில் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.

சிந்தனை வினாக்கள்

1. இரண்டு சுழற்சிமானிகளும் ஒரே எண்ணைக் காட்டும்போதும் விம்மல் கேட்பதற்குக் காரணம் யாது?
2. எந்த எந்திரம் விரைந்து சுழல்கிறது என்பதை விம்மலால் மட்டும் அறிய இயலாது. அதனைப் படகோட்டி எவ்வாறு கண்டறிகிறார்?
3. நான்கு உருளைகள் கொண்ட இரு நான்கடிப்பு எந்திரங்கள் நிமிடத்திற்கு 1800, 1815 முறை சுழல்கின்றன. ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்புகள் எனில், எத்தனை நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும்?
4. சுழற்சி வேகம் சிறிதளவு குறைந்தாலும் உந்துவிசை பெருமளவு குறைவது ஏன்? நழுவலைக் கொண்டு விளக்குக.